தரகர் எங்கே போனார்?

போன மாதம் அக்கா மகளிடமிருந்து ஃபோன். சென்னையில் வேலை, வயது 28.

"மாமா, அம்மாகிட்ட சொல்லாதீங்க. ஒரு பையன்கிட்ட ரெண்டு மாசமா பேசிட்டிருக்கேன். டேட்டிங் ஆப்லதான் பழக்கம். நாலு தடவை நேர்ல பாத்தாச்சு. நல்லவனாத்தான் தெரியுறான். ஆனா இவனைப் பத்தி யார்கிட்ட விசாரிக்கிறதுன்னுதான் தெரியல. முன்னாடி கோயம்புத்தூர்ல ஒரு கம்பெனில இருந்தேன்னு சொன்னான். அங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்களா?"

நான் என்ன செய்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அவள் கேட்ட அந்தக் கேள்விதான் இத்தனை நாளாக மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறது. யார்கிட்ட விசாரிக்கிறது? கைக்குள் இருக்கும் ஃபோனில் ஊரில் உள்ள பையன்கள் எல்லாரும் வரிசையாக வந்து நிற்கிறார்கள். ஆனால் அவர்களில் ஒருவனைக்கூட அறிந்த மனிதர் ஒருவர் இல்லை.

டேட்டிங் ஆப் காதலைக் கெடுத்துவிட்டதா, வளர்த்துவிட்டதா என்று நிறையப் பேர் எழுதியாயிற்று. எனக்கு அதில் ஆர்வமில்லை. நான் தேடிப் பார்த்தது வேறு ஒன்றை. இரண்டு பேருக்கு நடுவில் காலங்காலமாக ஒரு மூன்றாம் ஆள் இருந்தார். தரகர், அத்தை, நண்பன், பாதிரியார், யாரோ ஒருவர். அந்த ஆள் எப்போது, எப்படிக் காணாமல் போனார்? அவர் பார்த்த வேலையை இப்போது யார் பார்க்கிறார்கள்?

தரகர் பார்த்த நாலு வேலை

எங்கள் ஊரில் ஒரு கல்யாணத் தரகர் இருந்தார். நான் சின்னப் பையனாக இருந்தபோது மாதத்துக்கு ஒருமுறையாவது எங்கள் திண்ணைக்கு வருவார். ஒரு பை நிறைய ஜாதகம். காபி குடித்தபடி பேசுவார். இப்போது யோசித்தால் அவர் நாலு வேலை பார்த்திருக்கிறார் என்று தெரிகிறது.

ஒன்று, யார் யார் வீட்டில் வரன் இருக்கிறது என்கிற பட்டியல். அது அவரிடம் மட்டும்தான் இருந்தது.

இரண்டு, ஜாமீன். "பையன் குடிக்க மாட்டான், நான் சொல்றேன்" என்பார். பின்னால் பையன் குடிகாரன் என்று தெரிந்தால் எங்கள் தெருவுக்குள் அவர் மறுபடி வர முடியாது. அந்த வார்த்தைக்கு அதுதான் மதிப்பு.

மூன்று, 'வேண்டாம்' என்பதைச் சுமந்துபோவது. இதைப் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. பெண் பார்த்துவிட்டு வருபவர்கள் "ஊருக்குப் போய் தகவல் சொல்றோம்" என்பார்கள். உண்மைக் காரணம் பெண்ணின் நிறமாக இருக்கும், வீட்டின் ஓட்டுக்கூரையாக இருக்கும். தரகர் வந்து "ஜாதகம் பொருந்தலையாம்" என்று மட்டும் சொல்வார். காயம் படாமல் ஒரு பொய்.

நாலு, கூலி. அலைச்சலுக்கு பஸ் காசு வாங்கிக்கொள்வார். கமிஷன் என்பது கல்யாணம் முடிந்தால்தான். முடியாவிட்டால் இல்லை.

இப்படிச் சொல்லும்போது ஏதோ பொற்காலம் மாதிரி இருக்கிறது இல்லையா? அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பையில் எங்கள் சாதி ஜாதகம் மட்டும்தான் இருக்கும். என் சித்தி ஒருவர் 19 வயதில் வேற்று சாதிப் பையன் ஒருவரைப் பிடித்திருக்கிறது என்று வீட்டில் சொன்னார். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, சொன்னார், அவ்வளவுதான். அது தரகர் காதுக்குப் போனது. அதற்குப் பிறகு சித்திக்கு அந்தப் பையிலிருந்து ஒரு ஜாதகமும் வரவில்லை. கடைசிவரை சித்திக்குக் கல்யாணம் ஆகவில்லை. எல்லாம் தெரிந்த ஆள் கதவைத் திறக்கவும் முடியும், ஒரேயடியாகச் சாத்தவும் முடியும்.

இந்த நாலு வேலையையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முன்னூறு வருடக் கதை என்பது இந்த நாலும் ஒவ்வொன்றாக அந்த மனிதரிடமிருந்து பிரிந்துபோன கதைதான்.

முதலில் பிரிந்தது பட்டியல்

1695, லண்டன். ஜான் ஹாட்டன் என்று ஒரு மருந்து வணிகர். ராயல் சொசைட்டியில் உறுப்பினர். விவசாயம், வணிகம் பற்றி ஒரு வாராந்திரத் தாள் நடத்திக்கொண்டிருந்தார். தானிய விலை, பங்கு விலை, விளம்பரங்கள் எல்லாம் வரும். அந்த ஆண்டு ஜூலை 19 இதழில் இரண்டு வித்தியாசமான விளம்பரங்கள் வந்தன. சுமார் 30 வயதான ஒரு கனவான், தனக்கு நல்ல சொத்து இருப்பதாகச் சொல்கிறவர், 3000 பவுண்டு அளவுக்குச் சொத்துள்ள இளம்பெண்ணை மணக்க விரும்புகிறார். இன்னொருவர் சுமார் 25 வயது, நல்ல தொழில், அப்பா 1000 பவுண்டு தருவார், திருச்சபையோடு ஒத்துப்போகாத பிரிவில் வளர்ந்தவர், ஒழுக்கமானவர்.

படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயது, சொத்து, மதப்பிரிவு, 'நற்பழக்கம் உள்ளவர்'. நம்ம ஞாயிற்றுக்கிழமை பேப்பரின் மணமகள் தேவை பக்கத்தில் அப்படியே போடலாம்!

ஆனால் நடந்தது பெரிய விஷயம். பட்டியல் ஒரு மனிதரின் தலைக்குள்ளிருந்து காகிதத்துக்கு வந்துவிட்டது. காசு கொடுத்தால் யார் வேண்டுமானாலும் தன்னைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். இன்னொன்றும் கூடவே நடந்தது. 'நல்ல சொத்து இருப்பதாகச் சொல்கிறவர்' என்று ஹாட்டன் அச்சடித்தார் பாருங்கள், அவர் ஜாமீன் தரவில்லை. அவன் சொல்கிறான், நான் அச்சடிக்கிறேன், அவ்வளவுதான்.

ஜாமீன் வேண்டும் என்கிறவர்கள் எப்போதும் இருந்தார்கள். 1939 ஏப்ரலில் லண்டன் பாண்ட் தெருவில் ஹெதர் ஜென்னர், மேரி ஆலிவர் என்ற இரண்டு இளம்பெண்கள் ஒரு கல்யாண அலுவலகம் திறந்தார்கள். இதற்கான யோசனை அஸ்ஸாமிலிருந்து வந்தது. மேரி ஆலிவரின் மாமா ஒருவர் அங்கே இருந்தார். இந்தியாவிலும் மற்ற காலனிகளிலும் இருக்கும் வெள்ளைக்காரத் துரைகள் சில மாத விடுமுறையில் ஊருக்கு வருவார்கள், அதற்குள் ஒரு மனைவியைத் தேடிக்கொண்டு கப்பல் ஏற வேண்டும், தெரிந்தவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். இவர்களுக்கு ஒருவர் உதவினால் நல்ல வியாபாரம் என்றாராம்.

இருவரும் வருகிறவர்களை நேரில் உட்காரவைத்துப் பேசினார்கள், குறிப்பெடுத்தார்கள், யாருக்கு யார் என்று யோசித்து அறிமுகம் செய்தார்கள். கூலி வாங்கிய முறைதான் இங்கே முக்கியம். பதிவு செய்யும்போது ஒரு கட்டணம், கல்யாணம் நடந்தால் தனியாக இன்னொரு கட்டணம். எங்கள் ஊர்த் தரகர் பாண்ட் தெருவில் ஆபீஸ் போட்டால் இப்படித்தான் போட்டிருப்பார்.

ஜாமீன் இயந்திரத்துக்குப் போனது

1959-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இரண்டு மாணவர்கள், ஜிம் ஹார்வியும் ஃபில் ஃபையலரும், ஒரு வகுப்புக்காக ஐ.பி.எம். 650 கணினியில் ஒரு விளையாட்டு வேலை செய்தார்கள். 49 ஆண்கள், 49 பெண்கள், கேள்வித்தாள். பதில்களை ஒப்பிட்டு ஜோடி சேர்த்தது இயந்திரம்.

அதை முதலில் தொழிலாகச் செய்தவர்களில் ஒருவர் லண்டன் பெண்மணி ஜோன் பால். ஏற்கெனவே ஒரு கல்யாணத் தரகு அலுவலகம் நடத்திக்கொண்டிருந்தவர், 1964-ல் கணினியைக் கொண்டுவந்தார். அவருடைய முறையில் எனக்குப் பிடித்த விஷயம், என்ன வேண்டும் என்பதைவிட என்ன வேண்டாம் என்பதற்கு அவர் கொடுத்த முக்கியத்துவம். கல்யாணப் பேச்சில் அடிபட்ட எவருக்கும் இதன் அருமை புரியும். 1974-ல் அவர் தன் நிறுவனத்தைப் போட்டியாளரான டேட்லைனுக்கு விற்றுவிட்டார். அவர் பெயர் நீண்ட காலம் யாருக்கும் தெரியாமலே இருந்தது.

ஊரெல்லாம் தெரிந்த பெயர் ஆபரேஷன் மேட்ச். 1965-ல் ஹார்வர்டு மாணவர்கள் ஜெஃப் டார், வான் மோரில் ஆரம்பித்தது. 3 டாலர் கட்டி, உங்களைப் பற்றி 75 கேள்வி, நீங்கள் தேடும் ஆளைப் பற்றி 75 கேள்வி என்று பூர்த்தி செய்து அனுப்ப வேண்டும். கணினி நேரத்தை வாடகைக்கு எடுத்து ஓட்டி, சில பெயர்களையும் ஃபோன் நம்பர்களையும் தபாலில் அனுப்புவார்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் பல்லாயிரம் பேர் பூர்த்தி செய்து அனுப்பினார்கள்.

அந்தப் பெயர்களை ஏன் நம்பினார்கள்? கம்ப்யூட்டர் சொன்னதால்! 'நான் சொல்றேன்' என்று தரகர் சொன்ன இடத்தில் இயந்திரம் உட்கார்ந்துவிட்டது. இந்த நம்பிக்கை எவ்வளவு கெட்டியானது என்பதை ஐம்பது வருடம் கழித்து ஒரு தளமே வெளிப்படையாகக் காட்டியது. 2014-ல் ஓகேக்யூபிட் தளத்தை நிறுவியவர்களில் ஒருவரான கிறிஸ்டியன் ரடர், தாங்கள் பயனர்களிடம் நடத்திய ஒரு சோதனையைப் பற்றி எழுதினார். கணக்குப்படி 30 சதவீதம் மட்டுமே பொருந்துகிற ஜோடிகளுக்கு 90 சதவீதம் பொருத்தம் என்று பொய் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். அப்படிச் சொல்லப்பட்டவர்கள் அதிகமாகப் பேசிக்கொண்டார்கள். தரகர் பொய் சொன்னால் தெருவுக்குள் வர முடியாது. இங்கே பொய் சொன்னவர்கள் அதையே கட்டுரையாக எழுதினார்கள்!

ஒரு தமிழ்க் கிளைக்கதை

1995-ல் சான்பிரான்சிஸ்கோவில் கேரி கிரெமென் மேட்ச்.காம் தொடங்கினார். ஹாட்டனின் விளம்பரப் பக்கம் இணையத்துக்கு வந்தது என்று சொல்லலாம், தேடும் வசதியோடு.

அதற்கு இரண்டு வருடம் கழித்து, அமெரிக்காவில் மென்பொருள் வேலையில் இருந்த சென்னைக்காரர் முருகவேல் ஜானகிராமன், அங்குள்ள தமிழர்களுக்காக ஒரு வலைத்தளம் நடத்தினார். அதில் ஒரு ஓரத்தில் வரன் பகுதி வைத்தார். பார்த்தால் எல்லாரும் அந்த ஓரத்துக்குத்தான் வந்தார்கள். அதுதான் பின்னால் பாரத் மேட்ரிமோனி ஆனது. அவருக்கும் அந்தத் தளம் வழியாகத்தான் கல்யாணம் ஆனது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். மேட்ச்.காமில் உட்கார்ந்து தேடுபவர் துணை தேடும் ஆளேதான். நம்ம மேட்ரிமோனி தளத்தில் கணக்குத் தொடங்குவது பல வீடுகளில் அப்பா, அண்ணன், மாமா. சாதி, உட்பிரிவு, நட்சத்திரம் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம். அதாவது தொழில்நுட்பம் புதுசு, மூன்றாம் ஆள் பழசு. தரகரின் பையைத்தான் இணையத்தில் ஏற்றினோம். அவர் தலைக்குள் இருந்த சாதிக் கணக்கும் கூடவே ஏறியது. என் சித்தி 2000-த்தில் பிறந்திருந்தாலும் அந்தத் தளத்தில் அவருக்குப் பெரிதாக ஒன்றும் மாறியிருக்காது.

அடுத்த தெருவில் யார்?

உண்மையான உடைப்பு 2008 ஜூலையில். ஆப்பிள் தன் ஆப் கடையைத் திறந்தது, மறுநாளே ஜி.பி.எஸ். உள்ள ஐஃபோன் 3ஜி விற்பனைக்கு வந்தது. பையில் போட்டுக்கொண்டு போகும் பொருளுக்கு 'நான் எங்கே இருக்கிறேன்' என்று தெரிந்துவிட்டது. அதுவரை இணையத்தில் தேடுவது என்றால் ராத்திரி மேசை முன்னால் உட்கார்ந்து கடிதம் எழுதுவது மாதிரி. இனி தெருவில் நடந்துகொண்டே தேடலாம்.

இதை முதலில் பிடித்துக்கொண்டது யார் என்பது கவனிக்க வேண்டியது. 2009 மார்ச்சில் ஜோயல் சிம்காய் வெளியிட்ட கிரைண்டர், ஆண்களை விரும்பும் ஆண்களுக்கான ஆப். பக்கத்தில் இருப்பவர்களின் படங்களைக் கட்டம் கட்டமாக, தூரத்தோடு காட்டியது. ஏன் அவர்கள் முதலில்? அவர்களுக்குத்தான் தரகரே கிடையாது. அத்தை வரன் கொண்டுவர மாட்டார். நண்பனிடம் சொன்னால் நட்பே போகலாம். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவர் தன்னைப் போன்றவர்தானா என்று கேட்கவும் முடியாது, கேட்டால் அடி விழலாம். அறிந்த மனிதர் என்பவர் அவர்களுக்கு உதவியாக இல்லை, ஆபத்தாகத்தான் இருந்தார். அவர் இல்லாமல் தேட முடிந்தது பெரிய விடுதலை.

அதே விடுதலையின் மறுபக்கமும் அங்கேதான் முதலில் தெரிந்தது. தூரத்தைக் காட்டும் ஆப்பில் மூன்று இடங்களிலிருந்து அளந்தால் ஒருவர் நிற்கும் இடத்தையே கண்டுபிடித்துவிடலாம். எகிப்தில் போலீஸ் ஆப் வழியாக ஆட்களைச் சிக்கவைப்பதாகச் செய்தி பரவியபோது, 2014-ல் கிரைண்டர் எகிப்து உள்ளிட்ட சில நாடுகளில் தூரம் காட்டுவதை நிறுத்தியது. இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 377-ஆம் பிரிவின் பிடியிலிருந்து மனமொத்த வயதுவந்தோரின் உறவை விடுவித்தது 2018 செப்டம்பர் 6-ல்தான். அதற்குப் பிறகும், ஆப் மூலம் வரவழைத்து மிரட்டிப் பணம் பறிப்பது பற்றிய செய்திகள் நம் ஊர்ப் பத்திரிகைகளில் வந்துகொண்டேதான் இருக்கின்றன. மாட்டிக்கொண்டவர் யாரிடம் போய்ச் சொல்வார்? நடுவில் யாரும் இல்லாததால்தான் போனார். நடுவில் யாரும் இல்லாததால்தான் மாட்டினார்.

சத்தமில்லாத 'வேண்டாம்'

2012 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் டிண்டர் வந்தது. பிடித்தால் வலப்பக்கம் தள்ளு, பிடிக்காவிட்டால் இடப்பக்கம். ஸ்வைப் என்ற அந்த விரல் அசைவைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். எனக்கு அதைவிடப் பெரியதாகத் தெரிவது வேறொரு விதி. இரண்டு பேரும் வலப்பக்கம் தள்ளினால் மட்டுமே இருவருக்கும் தெரியும். ஒருவர் மறுத்தால் மற்றவருக்குத் தெரியவே தெரியாது.

தரகரின் மூன்றாவது வேலை ஞாபகம் இருக்கிறதா? "ஜாதகம் பொருந்தலையாம்." அந்தப் பொய்யைக்கூடச் சொல்லத் தேவையில்லாமல் பண்ணிவிட்டார்கள். நிராகரிப்பு நடக்கிறது, ஆனால் யாரும் அதைக் கேட்பதில்லை. 2014 வாக்கில் நாளொன்றுக்கு நூறு கோடி ஸ்வைப், ஒரு கோடியே இருபது லட்சம் மேட்ச் என்றார்கள். இரண்டு எண்ணுக்கும் நடுவில் எத்தனை கோடி சத்தமில்லாத 'வேண்டாம்' என்று நினைத்துப் பாருங்கள்.

வேடிக்கை என்னவென்றால், அறிந்த மனிதரை ஒழித்த இந்த ஆப் வளர்ந்ததே அறிந்த மனிதர்களை வைத்துத்தான். ஆரம்பத்தில் அங்கே மார்க்கெட்டிங் பார்த்த விட்னி வுல்ஃப் கல்லூரி கல்லூரியாகப் போனார். முதலில் பெண்கள் சங்க விடுதியில் எல்லாரையும் ஆப் போடவைப்பார், பிறகு பக்கத்து ஆண்கள் சங்கத்துக்குப் போவார். அவர்கள் திறந்து பார்த்தால் தெரிந்த பெண்களின் முகங்கள்! உள்ளே நுழைய ஃபேஸ்புக் கணக்கு வேண்டும், பொதுவான நண்பர்கள் யார் என்றும் காட்டும். 'இவளை உனக்குத் தெரிந்த இன்னாருக்குத் தெரியும்' என்கிற கடைசி நூலிழை. பிறகு வெறும் ஃபோன் நம்பரே போதும் என்றானது. அந்த நூலும் போயிற்று.

இதற்கெல்லாம் கணக்கு உண்டா? உண்டு. ஸ்டான்ஃபோர்டு சமூகவியலாளர் மைக்கேல் ரோசன்ஃபெல்டும் உடன் ஆய்வாளர்களும் 2019-ல் வெளியிட்ட கட்டுரை. அமெரிக்காவில் ஆண்-பெண் ஜோடிகள் எப்படிச் சந்தித்தார்கள் என்று கேட்டார்கள். 1995-ல் சந்தித்தவர்களில் இணையம் வழியாக 2 சதவீதம், 2009-ல் 22, 2017-ல் 39. நண்பர்கள் வழியாகச் சந்திப்பது அதே காலத்தில் 33 சதவீதத்திலிருந்து 20-க்கு இறங்கியது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு முதலிடத்தில் இருந்த 'நண்பர்கள் மூலம்' என்ற வழியை 2013 வாக்கில் இணையம் முந்திவிட்டது. ஒரே பாலின ஜோடிகளில் 2017-லேயே சுமார் 65 சதவீதம் இணையம் வழியாக. இந்த எண்களில் ஆப் மட்டுமல்ல, தளங்களும் சேர்த்திதான். ஆனால் போக்கு எந்தப் பக்கம் என்பதில் சந்தேகமே இல்லை.

கூலி மாறியது

இப்போது நாலாவது வேலைக்கு வருவோம். எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

தரகருக்குக் கல்யாணம் நடந்தால் காசு. பாண்ட் தெருப் பெண்களுக்கும் அப்படியே. ஆப்புக்கு? மாதச் சந்தா. நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் வரை காசு. கண்டுபிடித்துவிட்டால் இரண்டு வாடிக்கையாளர்கள் ஒரே நாளில் காலி!

2015 மார்ச்சில் டிண்டர் பிளஸ் வந்தது. அமெரிக்காவில் 30 வயதுக்கு உட்பட்டவருக்கு மாதம் 9.99 டாலர், அதற்கு மேற்பட்டவருக்கு 19.99. வயதானால் அவசரம் கூடும் என்று தரகருக்கும் தெரியும். ஆனால் அவர் அதை வைத்து இரட்டைக் கட்டணம் வாங்கியதில்லை. இது வயது பாகுபாடு என்று 2018-ல் கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2017-ல் டிண்டர் கோல்டு: உங்களைப் பிடித்திருக்கிறது என்று ஏற்கெனவே சொன்னவர்கள் யார் என்று பார்க்கத் தனிக் காசு. அந்தத் தகவலைக் கொண்டுவந்து சொல்வதுதான் தரகரின் தொழிலே! 2023-ல் மாதம் 499 டாலரில் ஒரு வகையும் வந்தது.

பட்டியலில் யாரை யாருக்குக் காட்டுவது என்பதும் கம்பெனி கையில். டிண்டர் ஒரு காலத்தில் செஸ் வீரர்களுக்குப் போடும் ஈலோ புள்ளி மாதிரி ஒன்றை எல்லாருக்கும் உள்ளுக்குள் போட்டுவைத்திருந்தது 2016-ல் வெளியே தெரிந்தது. அதிகம் பேர் விரும்பும் ஒருவர் உங்களை வலப்பக்கம் தள்ளினால் உங்கள் புள்ளி கூடும். பிரக்ஞானந்தாவின் ரேட்டிங்கை உலகமே பார்க்கலாம். இந்த ரேட்டிங்கைப் பயனர் தானே பார்க்க முடியாது. இப்போது அதைப் பயன்படுத்துவதில்லை என்று 2019-ல் சொன்னார்கள்.

இங்கே ஒரு கணிதச் செய்தி. 1962-ல் டேவிட் கேல், லாயிட் ஷாப்லி இருவரும் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார்கள். ஆண்களும் பெண்களும் சம எண்ணிக்கையில் இருந்து, ஒவ்வொருவரும் தன் விருப்பத்தை வரிசைப்படுத்திக் கொடுத்தால், எல்லாரையும் ஜோடி சேர்த்துவிடலாம். 'என் ஜோடியைவிட நீ மேல்' என்று இருவர் பரஸ்பரம் நினைத்து ஓடிப்போகாதபடி நிலையாகச் சேர்க்க எப்போதும் ஒரு வழி உண்டு என்று நிரூபித்தார்கள். ஷாப்லிக்கு இந்த வகை ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு கிடைத்தது 2012-ல், டிண்டர் வந்த அதே வருடம். ஹிஞ்ச் என்ற ஆப் 2018-ல் இந்த முறையை அடிப்படையாக வைத்து 'உங்களுக்கு மிகப் பொருத்தமானவர்' என்று ஒருவரைக் காட்டத் தொடங்கியது.

ஆனால் கேல்-ஷாப்லி முறையின் அழகு என்ன தெரியுமா? அது முடியும். கொஞ்ச சுற்றுகளில் எல்லாரும் ஜோடி சேர்ந்து, வேலை நின்றுவிடும். ஆப் நிற்காது. நாளைக் காலை புது முகங்கள் வரும், எங்கோ இன்னும் நல்ல ஒருவர் இருக்கலாம் என்ற நமைச்சலோடு.

ஹிஞ்சின் விளம்பர வாசகமே 'அழிக்கப்படுவதற்காகவே உருவாக்கப்பட்டது' என்ற பொருளில் இருக்கும். துணை கிடைத்ததும் ஆப்பை அழித்துவிடுவீர்களாம். ஹிஞ்ச், டிண்டர், ஓகேக்யூபிட், மேட்ச்.காம் எல்லாவற்றுக்கும் ஒரே முதலாளி, மேட்ச் குரூப். 2024 பிப்ரவரி 14, காதலர் தினத்தன்று பயனர்கள் சிலர் அந்த நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார்கள். துணை தேடித் தருவதாகச் சொல்லி, சூதாட்டம் போலத் திரும்பத் திரும்ப வரவைக்கும் விதத்தில் ஆப்பை வடிவமைத்திருக்கிறார்கள் என்பது புகார். நிறுவனம் அதை அபத்தம் என்று மறுத்தது. வழக்கு என்னவானாலும் சரி, கூலி எங்கிருந்து வருகிறதோ மனசும் அங்கேதான் இருக்கும் என்பதற்கு நீதிமன்றம் தேவையில்லை.

விசாரிப்பு திரும்பி வந்தது

பட்டியல் ஆப்புக்குப் போனது. 'வேண்டாம்' சொல்வது ஆப்புக்குப் போனது. கூலி ஆப்புக்குப் போனது. ஜாமீன் மட்டும் எங்கேயும் போகவில்லை. யாரும் எடுத்துக்கொள்ளாமல் தெருவில் கிடக்கிறது.

அதைப் பெண்கள்தான் முதலில் எடுக்க முயன்றார்கள், பயத்தால். 2022 வாக்கில் நியூயார்க்கில் ஆரம்பித்த ஃபேஸ்புக் குழுக்கள் பல ஊர்களுக்குப் பரவின. தான் பழகும் ஆணின் படத்தைப் போட்டு, 'இவரைப் பற்றி யாருக்காவது தெரியுமா? நாம் இருவரும் ஒரே ஆளோடுதான் பழகுகிறோமா?' என்று கேட்பது. இதைப் படித்தபோது எனக்கு எங்கள் பெரியம்மா ஞாபகம் வந்தார். மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்தில் உள்ள மளிகைக் கடையில் அரைக் கிலோ சர்க்கரை வாங்கிக்கொண்டே விசாரித்துவிட்டு வருவார். அதேதான்!

டீ என்று ஒரு ஆப் இதையே தொழிலாக்கியது. பெண்கள் மட்டும் சேரலாம், ஆண்களைப் பற்றி எழுதலாம். பெண்தான் என்று நிரூபிக்க செல்ஃபியும் சில பேரிடம் அடையாள அட்டையும் வாங்கினார்கள். 2025 ஜூலையில் அதன் சேமிப்பு உடைந்து சுமார் 72,000 படங்கள் வெளியே போயின. அதில் சுமார் 13,000 அந்த செல்ஃபிகளும் அடையாள அட்டைகளும். பாதுகாப்புக்காக வந்தவர்களின் முகமே சந்தைக்கு வந்தது. எழுதப்பட்ட ஆண்களுக்கும் ஒரு கேள்வி உண்டு: பெயர் தெரியாத ஒருவர் சொல்வது பொய் என்றால் யாரிடம் முறையிடுவது? மளிகைக் கடைக்காரர் பொய் சொன்னால் நாளைக்கு அவர் முகத்தில் முழிக்க வேண்டும். இங்கே முழிக்க முகமே இல்லை.

அந்த ஃபோன் கால்

சரி, அக்கா மகள் விஷயம். அந்தக் கம்பெனியில் என் பழைய நண்பர் ஒருவர் இருந்தார். ஃபோன் போட்டு, பெயரைச் சொல்லி, "இந்தப் பையனைத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியுமே, என் டீம்லதான் இருந்தான்" என்றார். எனக்கு நிம்மதி. மூச்சு விடுவதற்குள் அடுத்த கேள்வி கேட்டார்: "என்ன, வரன் விஷயமா? ஆனா அவங்க வேற ஆளுங்க ஆச்சே. உங்களுக்குச் சரிப்பட்டு வராதுங்களே?"

நான் பையனின் குணத்தைக் கேட்டேன், அவர் சாதியைச் சொன்னார். சித்தியின் கதவைச் சாத்திய அதே குரல். அறிந்த மனிதரைத் தேடிப் போனால் அவர் தனியாக வருவதில்லை, தன் பையோடுதான் வருகிறார்.

கொஞ்சம் சமாளித்துவிட்டு, "அதை விடுங்க. வேலைல எப்படி? கூட இருக்கிற பொண்ணுங்ககிட்ட எப்படி நடந்துப்பான்?" என்று கேட்டேன். யோசித்துச் சொன்னார். "ஒருத்தர் பத்தியும் தப்பா பேசிக் கேட்டதில்ல. ஒரு தடவை டீம்ல ஒரு பொண்ணுக்கு ராத்திரி உடம்பு சரியில்லாமப் போச்சு. ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போயி, அவங்க அம்மா ஊர்லேர்ந்து வர்ற வரைக்கும் வெளிய பெஞ்சுலயே உக்காந்திருந்தான்."

எந்த ஆப்பிலும் இந்தத் தகவல் இல்லை. எந்தக் கேள்வித்தாளிலும் இதற்குக் கட்டம் இல்லை.

அவளுக்கு ஃபோன் போட்டேன். பெஞ்சு விஷயத்தைச் சொன்னேன். கம்பெனி பெயர் பொய்யில்லை என்றும் சொன்னேன். நண்பர் கேட்ட அந்த இன்னொரு கேள்வியைச் சொல்லவில்லை.

"அவ்ளோதானா மாமா? வேற எதுவும் சொல்லலையா?"

"வேற ஒண்ணும் இல்லம்மா. மிச்சத்த நீதான் பாத்துக்கணும்."

"கமிஷன் எவ்ளோ?" என்று சிரித்தாள்.

"கல்யாணம் ஆனா குடு" என்றேன்.